வழியில்லாத கட்டுச்சோறு

உக்காருங்க, உக்காருங்க. ஏல, தூணுக்குப் பக்கத்துல நிக்கிறவன, நீ என்ன தூணுக்குத் தொணையா? உக்காருடே. எக்கா, அந்த வெத்தலைய ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிட்டு வாயக் கொஞ்சம் சாத்துங்க, பக்கத்து வீட்டுக்காரி எங்கயும் ஓடிற மாட்டா, கதை முடிஞ்ச பொறவு அவள வாயாரப் பேசிக்கிடலாம். செல்போன அமத்துங்க. நடுவுல எவனாவது எந்திரிச்சா நான் முதல்லேருந்து ஆரம்பிப்பேன், சொல்லிட்டேன். ம், சரி. இது ரெண்டு ஊரு கதை.

உப்பூரணின்னு ஒரு ஊரு, கடக்கரையில. பாக்குற எடமெல்லாம் உப்பளம், வெள்ளை வெளேர்னு அம்பாரம் அம்பாரமாக் குமிச்சிருக்கும், புதுசா வாரவன் பனி பேஞ்சிருக்குன்னு நினைச்சு குளுகுளுன்னு எறங்குவான், எறங்கின பொறவு சட்டை முதுகோட ஒட்டும்போதுதான் விசயம் தெரியும். வெள்ளியம்பாளையம்னு இன்னொரு ஊரு, மேக்க, மில்லும் சாயப்பட்டறையுமா. அங்க பனியனுக்குச் சாயம் புடிக்கணும்னா உப்பு வேணும், இங்க உப்பு அள்ளுறவனுக்கு வேர்வை தொடைக்க பனியன் வேணும், இப்படித்தான் ரெண்டு ஊருக்கும் பழக்கம். ரோட்டுல போனா ஒரு ராத்திரி பூராவும் இடுப்பு ஒடியணும். வானத்துல அளந்தா முந்நூறு கிலோமீட்டர் சொச்சம், ப்ளேனுல ஒரு மணி நேரம்.

ஆமா, ரெண்டு ஊருக்கும் ஏர்போர்ட்டு உண்டு. ஏர்போர்ட்டுன்னதும் பெருசா நினைச்சுராதீங்க, நம்ம ரேஷன் கடைய ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்து கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கும். ரெக்கையில காத்தாடி வச்ச சின்ன ப்ளேனு ஒண்ணு, காலையில போவும், சாயந்தரம் வரும், அதுல ஒரு ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு மூக்கு வழியா, "நம்ம்மது பறக்கும் நேர்ரம் ஒரு மணி" அப்படின்னு சொல்லிட்டு ஆளுக்கு ஒரு பிஸ்கட்டு கொடுப்பா.

அந்த உப்பூரணி ஏர்போர்ட்டு முக்குல மெஸ்ஸு வச்சிருந்தவதான் வெள்ளத்தாய். அவள நீங்க பாத்திருக்கணும். ஒரு கையில கரண்டி, ஒரு கையில துடைப்பம், எட்டு ஊருக்குக் கேக்குற தொண்டை. சோறு கூட நின்னுக்கிட்டே திம்பா, கேட்டா, "உக்காந்தா எந்திரிக்கணும்லா, அதுக்கு யாரு நேரம் வச்சிருக்கா?"ம்பா. அவ புருஷன் தங்கப்பழம் உப்பு லாரி ஓட்டுதாரு, வெள்ளியம்பாளையத்துக்கு லோடு அடிக்கிற சோலி. ஒரே மக, பொன்மதி. ஆத்தாளே எல்லாத்தையும் பேசி முடிச்சதுனால புள்ளைக்குப் பேச்சு மிச்சம் இல்லைன்னு ஊருக்குள்ள சொல்லுவாவ. பசிக்கான்னு கேட்டா "ம்", பசிக்கலையான்னு கேட்டாலும் "ம்". அந்த "ம்"ம வச்சே படிச்சு, அந்த "ம்"ம வச்சே வெள்ளியம்பாளையம் மில்லுல வேலை வாங்கி, அங்க பூபதின்னு ஒரு பையன் கட்டிக்கிடுதியான்னு கேட்டப்பவும் அதே "ம்"ம சொல்லி, கல்யாணமும் ஆயிப் போச்சு.

பூபதியோட அம்மா பேரு தெய்வாத்தா. அவிய பேச்சே பேச்சு. வைய்யிறதக் கூட வரவேற்கிற மாதிரி வைவாவ. "ஏனுங் சம்பந்தி, உங்க மீன் கொழம்பு வாசம் ரொம்ப அருமைங்க, எங்கூட்டு நாய் மூணு நாளாச் சோறே திங்கலைங்கொ," அப்படிம்பாவ. வெள்ளத்தாய்க்கு அது பாராட்டா ஏச்சான்னு வெளங்குறதுக்குள்ள ஒரு டம்ளர் மோரு கைக்கு வந்துரும்.

பொன்மதி உண்டாயிருக்கான்னு சேதி வந்ததும் வெள்ளத்தாய் ரோட்டுல போனவனுக்கெல்லாம் கேசரி கொடுத்தா, பஸ்ஸ நிறுத்தி கண்டக்டருக்கும் கொடுத்தா. அன்னைக்கே மெஸ்ஸுக்குப் பின்னால இருந்த சாமான் அறைய ஒழிச்சு, வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, மேல ஒரு காத்தாடியும் மாட்டிட்டா. ஏழாம் மாசம் வளைகாப்பு, கட்டுச்சோறு, கையோட மகள இங்க கூட்டிட்டு வந்துரணும். தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான, அதுல யாரும் மாத்திப் பேச முடியாதுல்லா. அவளுக்கு அதுல ஒரு வெறி இருந்துது. ஏன்னா வெள்ளத்தாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சின்ன வயசுலயே அம்மை செத்துப் போனா, போறதுக்கு வீடு இல்லை. உப்பு வாரிக்கிட்டு இருக்கும்போதே வலி எடுத்து, பெத்துப்போட்டு, பச்சை ஒடம்போட திரும்ப உப்புக் கூடைய தலையில வச்சவ. "எம்புள்ள மூணு மாசம் எங்கிட்ட மல்லாக்கக் கெடக்கணும். கால நீட்டினா நீட்டினபடி இருக்கணும். எவளும் வந்து எந்திரின்னு சொல்லப்படாது," அப்படின்னு கரண்டியத் தட்டித் தட்டிச் சொல்லுவா.

அந்த நேரம் பாத்துத்தான் தூரம் கொறைய ஆரம்பிச்சுது. ஏன் கொறைஞ்சுதுன்னு என்கிட்ட கேக்கப்படாது.

முதல்ல பிஸ்கட்டுலதான் தெரிஞ்சுது. வழக்கமா அந்தப் பொண்ணு பிஸ்கட்டு வண்டியத் தள்ளிக்கிட்டு கடைசி சீட்டு வரைக்கும் போயி, திரும்பி வந்து, குப்பையும் வாங்கிட்டு ஒரு கொட்டாவியும் விடுவா. அன்னைக்குப் பாதி சீட்டு தாண்டுறதுக்குள்ள டமார்னு சக்கரம் தரையில. பின்சீட்டுக்காரன் எல்லாம், "எங்களுக்கு எங்க பிஸ்கட்டு? நாங்க என்ன தொத்திக்கிட்டா வந்தோம்?"னு ஒரே சண்டை. மறுநாளு மூணு வரிசைக்குத்தான் பிஸ்கட்டு. அதுக்கு மறுவாரம் அவ பாக்கெட்டப் பிரிக்கிறதுக்குள்ள வெள்ளியம்பாளையம் வந்துட்டு. ஏர்போர்ட்டுல கோட்டுப் போட்ட ஒரு சாரு இருந்தாரு, அவரு வெளிய வந்து ஒரு கண்ண மூடி வானத்த மேலயும் கீழயும் பாத்துட்டு, "பின்காத்து," அப்படின்னாரு. வெள்ளத்தாய் மெஸ்ஸு வாசல்லேருந்தே கேட்டா, "போகும்போதும் பின்காத்து, வரும்போதும் பின்காத்தா? காத்து என்ன சார், நீங்க சம்பளம் கொடுத்து வச்சிருக்கிய ஆளா?" சாரு கோட்டோட உள்ள போயிட்டாரு, அதுக்கப்புறம் காரணம் சொல்ல யாரும் வெளிய வரல்ல, சனமும் அதோட விட்டுட்டுது, வெங்காயம் வெலை ஏறினா என்ன பண்ணுவோம், ரெண்டு நாளு பேசிட்டு மூணாம் நாளு வாங்கிட்டுப் போயிருவோம்லா, அந்த மாதிரி.

ஆனா ஒண்ணு, கொறைஞ்சது வானத்துலதான். ரோடு அப்படியேதான் கெடந்துது, குண்டுங்குழியும் அப்படியே. ப்ளேனும் இப்ப நாளைக்கு அஞ்சாறு தடவை போயிட்டு வந்துது. தங்கப்பழம் உப்பு லோடோட காலையில கிளம்புவாரு, அவரு மதுரையத் தாண்டுறதுக்குள்ள வெள்ளத்தாய் ப்ளேனு ஏறிப் போயி, மகளுக்குச் சாப்பாடு ஊட்டி, சம்பந்திகிட்ட மோரு குடிச்சு, திரும்பி வந்து மெஸ்ஸுல மதியச் சோறு போட்டு, திரும்பவும் போயிருவா. மனுஷன் மறுநாளு கண்ணு செவந்து, தலையெல்லாம் புழுதியா சாயப்பட்டறை வாசல்ல வந்து எறங்கினா, இவ டீத்தண்ணியோட நிப்பா. "ஏளா, நீ பறந்து வந்தியா இல்ல ஏற்கெனவே இங்கதான் இருந்தியா?"ம்பாரு. "நீங்க இன்னும் அந்தப் பழைய தூரத்துலயேதான் ஓட்டிக்கிட்டு இருக்கியளா?"ன்னு இவ சிரிப்பா.

சிரிச்சா, ஆமா. ஆரம்பத்துல அவள மாதிரி சந்தோசப்பட்டவ ரெண்டு ஊருலயும் கெடையாது. கொழம்பு கொதிக்க கொதிக்க எறக்கி தூக்குச்சட்டியில ஊத்தினா, மக தட்டுல விழும்போதும் கொதிக்கும். நல்லா இருக்கும்லா? காலையில சாளைக் கொழம்பு, மத்தியானம் நெத்திலிப் பொரியல், சாயந்தரம் சும்மா மக மூஞ்சியப் பாக்க. தெய்வாத்தா கையப் புடிச்சுக்கிட்டு அவளே சொன்னா, நல்லாக் கேட்டுக்கோங்க, அவ வாயாலயே சொன்னா: "மைனி, இனிமே நான் உங்களுக்கு அடுத்த வீடு. ரசத்துக்கு உப்பு பத்தலைன்னா ஒரு சத்தம் கொடுங்க, அடுப்ப அணைக்கிறதுக்குள்ள வந்துருவேன். என்ன தூரம் இருக்கு? ஒரு தூரமும் இல்லை!"

"ஒரு தூரமும் இல்லைங்களே," அப்படின்னு தெய்வாத்தாவும் தலைய ஆட்டினாவ. அந்தத் தலையாட்டுல என்ன இருந்துதுன்னு வெள்ளத்தாய்க்கு அப்ப தெரியல்ல.

இன்னும் கொஞ்ச நாளு போச்சு. ப்ளேனு ஏறும், எறங்கும், நடுவுல பறக்கும்னு ஒண்ணு இருக்கும்லா, அது காணாமப் போச்சு. மூக்கத் தூக்கும், உடனே மூக்க எறக்கும், ஊரு வந்துரும். பைலட்டு ஒரு நாளு, "இதுக்கு எதுக்கு பெட்ரோல வேஸ்ட் பண்ணிக்கிட்டு?"ன்னு எஞ்சின அமத்திட்டாரு. அமத்திட்டும் ஊரு வந்துது. அதுலேருந்து ப்ளேனு பறக்கிறதே இல்லை, நின்ன எடத்துலயே நிக்கும். பின்வாசல் படி உப்பூரணியில, முன்வாசல் படி வெள்ளியம்பாளையத்துல. பின்னால ஏறி, சீட்டுக்கு நடுவுல நடந்து, முன்னால எறங்கினா மேக்க இருப்பிய, முன்னால ஏறி பின்னால எறங்கினா கடக்காத்து மூஞ்சியில அடிக்கும். அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு நடுவுல நின்னு போறவனுக்கும் வணக்கம், வாரவனுக்கும் வணக்கம், கும்புட்டுக் கும்புட்டு அவ கைய ரெண்டாப் பிரிச்சே யாரும் பாத்தது இல்லை. "நம்ம்மது பறக்கும்..."னு ஆரம்பிப்பா, முடிக்கிறதுக்குள்ள பயணம் முடிஞ்சிரும்.

ரன்வே சும்மா கெடக்குதேன்னு உப்பூரணிக்காரன் அதுல கருவாடு காயப் போட்டான். அங்கிட்டு வெள்ளியம்பாளையத்துக்காரன் சாயம் போட்ட நூல நீட்டிக் கட்டினான். கருவாட்டு வாசம் ப்ளேனு வழியாப் போயி பனியன்ல ஏறிச்சு, உப்புக்காத்து போயி மில்லு ஊசிய துருப்புடிக்க வச்சுது, அங்கேருந்து சிலுசிலுன்னு மலைக்காத்து வந்து, உப்பு காயாம உப்பளத்துக்காரன் தலையில கைய வச்சான். பேச்சும் கலந்துட்டு. வெள்ளியம்பாளையத்துப் பெரியவரு மீன்கடையில நின்னு, "ஏலங்கோ, இந்தச் சாளை வெசயா ஒரு கிலோ போடுங்கலே," அப்படின்னாரு. இவனும் சளைக்காம, "போடுதேனுங், பைய நில்லுங்க வே," அப்படின்னான்.

எல்லாம் நல்லாத்தான் இருந்துது, உக்காருறது ஒண்ணத் தவிர. வந்தவன் எவனும் உக்காரல்ல. செருப்பக் கழத்தல்ல. தூரம் இருந்தாத்தான வந்துட்டோம்னு ஒரு பெருமூச்சு விட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சு, துண்ட விரிச்சு சாய முடியும்? இந்தா போயிரலாம், இந்தா வந்துரலாம்னு சொல்லியே ரெண்டு ஊரும் ஓடிக்கிட்டுக் கெடந்துது. சாம்பாருக்கு அங்க, ரசத்துக்கு இங்க, வெத்தலைக்கு அங்க, சுண்ணாம்புக்கு இங்க. கல்யாண வீட்டுல தாலி கட்டும்போது ஆளு நெறைய நிக்கும், அட்சதையப் போட்டுட்டுத் திரும்பினா பந்தல் காலி, அந்த ஊருக் காதுகுத்துக்கு ஓடியிருப்பான், அங்க போயிப் பாத்தா அவன் பந்திய வுட்டுட்டு இங்க வந்திருப்பான். வழியனுப்புறதுன்னு ஒண்ணு இல்லாமப் போச்சு. அழுதுக்கிட்டே கையாட்டுறதுக்கும் ஆளு கொஞ்சம் தள்ளி நிக்கணும்லா?

இதுல பெருசா அடி வாங்கினது பொம்பளையதான். முன்னெல்லாம் அந்த ஊருல வாக்கப்பட்டவ புருஷன்கிட்ட சண்டை போட்டா பையத் தூக்கிக்கிட்டு, "எங்கம்மை வீட்டுக்குப் போறேன்"னு கிளம்புவா. ஏர்போர்ட்டுல காத்திருந்து, ப்ளேனுல உக்காந்து, ஜன்னல் வழியா மேகத்தப் பாத்து, அந்த மனுஷன் சாப்புட்டாரோ என்னமோன்னு ஒரு நினைப்பு வந்து, அம்மை வீட்டு வாசல்ல எறங்கும்போது கோவம் பாதி ஆறியிருக்கும். இப்ப? கோவம் கொதிக்க கொதிக்க வந்து எறங்குது. அம்மைக்காரி கதவத் தெறக்கும்போதே தட்டு பறக்குது. நாலு நாளு பாத்த அம்மைமாரெல்லாம், "ஏட்டி, இங்க வராத, போயி அங்கயே கத்து, எங்களுக்கு நல்லாக் கேக்கும்"னுட்டாவ. ஆடி மாசம் புதுப்பொண்ணு அழைக்கப் போனவங்களையும் மாமியார்மாரு, "எதுக்குங்க? சத்தம் போட்டா கேக்கற தொலவுலதானுங்களே இருக்கறீங்க," அப்படின்னு மோரு கொடுத்து அனுப்பிட்டாவ. அம்மை வீடுன்னு ஒண்ணு அடுத்த தெருவு ஆயிட்டா, அங்க போயி எவ படுப்பா?

வெள்ளத்தாய் காதுலயும் இதெல்லாம் விழுந்துது. "அவளுவளுக்கெல்லாம் முறையாக் கேக்கத் தெரியல்ல," அப்படின்னு சொல்லிட்டு, ஏழாம் மாசத்துக்கு நாளு பாத்தா. புளியோதரை, எலுமிச்சை, தேங்கா, எள்ளு, தயிரு, கல்கண்டு, வெண்பொங்கல்னு ஏழு சாதம், ஏழு தூக்கு. காலையிலயே அடுப்பு மூட்டி, தானே கிண்டி, தானே ருசி பாத்து, சொந்தபந்தத்தத் தெரட்டிக்கிட்டு, கொலவை போட்டுக்கிட்டே பின்வாசல் படியேறி முன்வாசல்ல எறங்கினா. தங்கப்பழம் முந்துன நாளே லாரியில கிளம்பிட்டாரு, அவரு வேற எப்படியும் வர மாட்டாரு. "எனக்கு வண்டி ஓட்டினாத்தான் ஊரு வரும், நடந்தா வாரது ஊரு இல்லை"ம்பாரு.

வளைகாப்பு நல்லாத்தான் நடந்துது. பொன்மதி மணையில உக்காந்திருந்தா, கண்ணுக்குக் கீழ மை அப்பின மாதிரி கருப்பு. மாசக்கணக்கா ரெண்டு அம்மையும் மாத்தி மாத்தி வந்தா என்ன ஆவும்? வெள்ளத்தாய் சாளைக் கொழம்பு ஊட்டிட்டுப் போனா, தெய்வாத்தா, "அம்மிணி, ஒரு வாய் அரிசீம்பருப்புச் சோறு"ன்னு வருவாவ, அவிய போனா இவ நெத்திலியோட. பொன்மதி கண்ணு சொக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, "தூங்குதியா?"ன்னு தட்டிக் கேட்டா. "ம்" அப்படிம்பா, எந்திரிச்சு உக்காருவா. வெள்ளத்தாய் அந்தக் கருப்பப் பாத்துட்டு, எல்லாம் மாமியார்காரி வேலைதான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணினா. இன்னைக்கோட சரி, நம்ம கட்டில், நம்ம காத்தாடி.

வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்தாச்சு. வெள்ளத்தாய் தூக்கு ஏழையும் எடுத்து வரிசையா வச்சு, "அப்ப மைனி, புள்ளைய அழைச்சுக்கிட்டுக் கிளம்புதோம்," அப்படின்னா.

தெய்வாத்தா மோரு டம்ளர கையில கொடுத்தாவ.

"எங்கீங்க சம்பந்தி கிளம்பறது?"

"எங்க வீட்டுக்குத்தான். கட்டுச்சோறு கட்டிட்டு வந்திருக்கேன்லா?"

"சரிங்க. கட்டுச்சோறு எதுக்குங்க கட்டறது?"

"எதுக்கா? வழியில பசிச்சா புள்ள சாப்புட."

"அதைத்தானுங்க நானுங் கேக்கறேன். வழி எங்கீங்க?" தெய்வாத்தா ப்ளேனு நிக்கிற பக்கம் கையக் காமிச்சாவ, ஏதோ இல்லாத ஒறம்பரைய, அதான் சொந்தக்காரன, தேடுற மாதிரி. "ஒரு வாய் அள்ளி வாயில வெக்கறதுக்குள்ள உங்கூரு வந்துருதுங்களே. வழியே இல்லாதப்ப கட்டுச்சோறு எங்க செல்லும், சொல்லுங்க? கட்டுச்சோறு இல்லாம முழுகாம இருக்கற புள்ளையப் படி தாண்டி அனுப்பறது எங்க வழக்கமில்லைங்கொ. அம்மிணி இங்கியே இருக்கட்டும். நீங்க தினமும் மூணு வாட்டி வந்துட்டுத்தானுங்களே இருக்கறீங்க? ஒரு தூரமும் இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

வெள்ளத்தாய் மோரு டம்ளரக் குடிக்காமலே கீழ வச்சா. அவ சொந்தக்காரங்களே ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு, "அதுவும் நியாயம்தான?"ன்னு முணுமுணுத்தாவ, ரெண்டு பேரு அதுக்குள்ள புளியோதரைய எடுத்துத் திங்கவே ஆரம்பிச்சுட்டாவ.

"வழி இல்லைன்னா," வெள்ளத்தாய் எட்டு ஊருக்கும் கேக்குற மாதிரி கத்தினா, "வழி இல்லைன்னா நான் என்ன பொந்து வழியாவா வந்தேன்? எட்டி எந்திரி!" மக கையப் புடிச்சு ஒரே இழு.

இழுத்தவ விடல்ல. தெய்வாத்தா மறு கையப் புடிச்சுக்கிட்டு, "மெல்லங்க, மெல்லங்க, வளையல் ஒடையும்"னு கூடவே ஓடினாவ. தெருவு ஓடுது, பூபதி, "அம்மா, அத்தை, அம்மா, அத்தை"ன்னு பின்னால ஓடுதான், அவன் பின்னால ஒறம்பரை ஓடுது, ஒறம்பரை பின்னால ஏழு தூக்கும் ஓடுது. அப்படியே முன்வாசல் படியேறி ப்ளேனுக்குள்ள வந்து, சீட்டுக்கு நடுவுல இருக்கே ஒத்தையடிப் பாதை, அங்க மாட்டிக்கிட்டாவ. வெள்ளத்தாய் பின்வாசலப் பாத்து இழுக்கா, தெய்வாத்தா முன்வாசலப் பாத்து இழுக்காவ, நடுவுல பொன்மதி, ரெண்டு கையும் விரிச்சு, வயிறு முன்னால தள்ளி, வளையல் கலகலன்னு. "வணக்கம்," அப்படின்னுச்சு ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு, அதுக்கு மத்த எல்லாம் மறந்து போயிருந்துது.

பின்வாசல் படியில உப்பூரணி பூரா கூடிட்டு, முன்வாசல் படியில வெள்ளியம்பாளையம் பூரா. மீன்காரி கூடையோட நிக்கா, மில்லுக்காரன் நூல்கண்டோட நிக்கான், கோட்டுப் போட்ட சாரும் எட்டிப் பாக்காரு. ஆளுக்கொரு யோசனை. "தலை இந்தப் பக்கம் கால் அந்தப் பக்கமா ப்ளேனுலயே படுக்க வைங்க"ங்கான் ஒருத்தன். "அது புள்ளையா பாயா, மடிச்சு விரிக்க?"ன்னு இன்னொருத்தன். "கட்டுச்சோற இங்கயே நின்னு தின்னுட்டா வழியில தின்னதாத்தான் கணக்கு," அப்படின்னு புளியோதரை வாயோட ஒரு சித்தி. "நின்னுட்டுத் தின்னா அது வழி இல்லைங்க, கூட்டம்," அப்படின்னு அந்தப் பக்கத்துலேருந்து பதிலு. "லாரியில அனுப்புங்க, ரோடு இன்னும் நீளமாத்தான் கெடக்கு"ன்னு யாரோ சொல்ல, "நெறவயித்தோட லாரியிலயா? உன் மண்டைய லாரியில ஏத்த"ன்னு ரெண்டு அம்மையும் ஒண்ணா வஞ்சாவ. அது ஒண்ணுலதான் அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு.

"மைனி, விடுங்க! எனக்குக் கெடைக்காதது எம்புள்ளைக்குக் கெடைக்கணும்! மூணு மாசம்! மூணே மூணு மாசம் அவ படுத்துக் கெடக்கணும்!" வெள்ளத்தாய்க்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, கோவத்துல வருதா வேற எதுனாலயும் வருதான்னு அவளுக்கே தெரியல்ல.

"இங்கியும் கட்டில் இருக்குதுங்களே சம்பந்தி! நாங்க என்ன நிக்க வெச்சா வெச்சிருக்கோம்?"

"நிக்க வச்சியளா படுக்க வச்சியளான்னு அவ கண்ணப் பாத்தாலே தெரியுதே!"

"அது உங்க நெத்திலிங்க!"

"எது எங்க நெத்திலி?"

"நீ சொல்லு கண்ணு, எந்தூட்டுக்குன்னு நீயே சொல்லிரு!"

"ஆமா, சொல்லுட்டி! வாயத் தெறந்து சொல்லு!"

ரெண்டு ஊரும் கழுத்த நீட்டிப் பாத்துது. பொன்மதி மொதல்ல இந்தக் கைய உருவினா. பொறவு அந்தக் கைய உருவினா. அவசரமே இல்லை. பக்கத்துல ஜன்னலோரம் ஒரு சீட்டு, மாசக்கணக்கா யாரும் உக்காராததுனால தூசி படிஞ்சு கெடந்துது, முந்தானையால ஒரு தட்டு தட்டி, வயித்தத் தாங்கிக்கிட்டு பைய உக்காந்தா. உக்காந்து சாஞ்சா. சாஞ்சு, ஒரு மூச்சு விட்டா பாருங்க, அது ரெண்டு படியிலயும் நின்ன சனத்துக்கெல்லாம் கேட்டுது.

"ஏட்டி, எதுக்கு உக்காருத? வீடு இந்தா இருக்கு!" வெள்ளத்தாய் பின்வாசலக் காட்டினா.

"எந்திரிங்க அம்மிணி, ஊடு இங்கியேதானுங்க இருக்குது!" தெய்வாத்தா முன்வாசலக் காட்டினாவ.

பொன்மதி பெல்ட்டத் தேடி எடுத்து, வயித்துக்குக் கீழ வருத மாதிரி நீளமா இழுத்துவிட்டு, டக்குன்னு மாட்டினா. ஏர்ஹோஸ்டஸ் பொண்ணப் பாத்து, கதவச் சாத்துன்னு கண்ணாலயே சொன்னா. அப்புறம் ரெண்டு அம்மையையும் ஒருவாட்டி நிமிந்து பாத்தா.

"ரெண்டு பேரும் எறங்குங்க. நான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆவும்."